பாதி வெளுத்த சுவர்

ஞானக் கதைகளில் ஒரு குரு இருப்பார். ஒரு சீடன் இருப்பான். சீடன் ஏதோ கேட்பான்; குரு அருகிலிருந்த குடத்தைப் போட்டு உடைப்பார்; சீடனுக்கு ஞானம் பிறந்துவிடும்.

குடம் யாருடையது என்று எந்தக் கதையும் சொல்வதில்லை. அதை இடுப்பில் சுமந்து அந்த வழியே வந்தவள் ஒருத்தி இருந்திருப்பாள். அன்று அவள் எதில் நீர் கொண்டுபோனாள் என்று விசாரிக்கும் பொறுமை ஞானிகளுக்கு இருந்ததில்லை.

இந்தக் கதையில் அவள் பெயர் சிவபாக்கியம். இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். மூவாயிரம் விருந்தினர் பயணம் செய்யும் உல்லாசக் கப்பல் ஒன்றில் குளியலறை ஓடுகளைத் தேய்ப்பவள்.

பெயரை முதலிலேயே சொல்லிவைப்பது நல்லது. இத்தகைய கதைகளுக்கு ஞாபகமறதி அதிகம்.

*

"பதினாலு அறை. மூணு நிமிஷம் நாப்பது செகண்ட். இந்தத் தளத்துல என்னைவிட வேகமா யாராவது முடிச்சிருக்காங்களா? அப்புறம் ஏன் கையெழுத்துப் போட மாட்டேங்கிறீங்க?"

கேட்டவள் உமையாள். வயது நாற்பத்தொன்று. திருச்சியில் விடுதி மேலாண்மைக் கல்லூரி ஒன்றில் ஒன்பது ஆண்டுகள் அறைப் பராமரிப்புப் பாடம் நடத்தியவள். கல்லூரியை மூடிவிட்டார்கள். படுக்கை விரிப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவள் படுக்கை விரிக்கக் கப்பலேறினாள்.

கேள்வியை வாங்கிக்கொண்டவள் பெர்பெத்தம். வயது இருபத்தெட்டு. மணப்பாட்டுக்காரி. படிப்பு பத்தாம் வகுப்பு. எட்டாம் தளத்துக்கு மேற்பார்வையாளர்.

முன்பு வேறொரு கப்பலில் உண்மையாகவே புகை எழுந்த நாளில், அலமாரிக்குள் ஒளிந்திருந்த கிழவர் ஒருவரைக் காலைப் பிடித்து வெளியே இழுத்தவள் அவள். அன்றிலிருந்து அவளைக் குருவம்மா என்பார்கள். பாதி கேலி, பாதி மரியாதை. அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்திருந்தது. அதற்குப் பிறகு நேரான கேள்விக்கு நேரான பதில் சொல்வதை அவள் விட்டுவிட்டாள்.

தன்னைவிடப் பதின்மூன்று வயது இளையவளை எப்படி அழைப்பது என்று உமையாளுக்குத் தெரியவில்லை. ஆகவே எதுவும் சொல்லி அழைப்பதில்லை.

பெர்பெத்தம் குளியல் துண்டை மடித்து யானை செய்துகொண்டிருந்தாள். விருந்தினர் கட்டிலில் வைப்பதற்கு. துதிக்கையைச் சுருட்டியபடியே சொன்னாள்:

"8126ல என்ன இருக்குன்னு பாத்துட்டு வாங்கக்கா."

"அது காலி அறை. குழாய் வேலை நடக்குதுன்னு இந்தப் பயணத்துல யாருக்கும் கொடுக்கலை."

"காலி அறைதான். பாத்துட்டு வாங்க."

*

கையெழுத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது, விருந்தினர் ஊர் சுற்றப் போன நேரத்தில், பணியாளர்களுக்கு ஆபத்துக்காலப் பயிற்சி நடக்கும். மணி ஏழு முறை குறுகவும் ஒரு முறை நீளவும் அடிக்கும். அவரவர் தமக்குரிய இடத்தில் போய் நிற்க வேண்டும்.

அறைப் பணியாளர்களுக்கு மட்டும் அதற்கு முன் ஒரு கடமை உண்டு. தம் பொறுப்பிலுள்ள ஒவ்வோர் அறையையும் தட்டி, குரல் கொடுத்து, திறந்து, குளியலறை, அலமாரி, கட்டிலடி எல்லாம் பார்த்து, ஆளில்லை என்று உறுதி செய்தபின் கதவின் பிடியில் 'ஆளில்லை' என்று அச்சிட்ட செம்மஞ்சள் அட்டையை மாட்ட வேண்டும்.

அட்டை தொங்கும் கதவை அதன்பின் எவரும் திறக்க மாட்டார்கள். தேடி வரும் குழு, அட்டை இல்லாத கதவுகளை மட்டுமே திறக்கும். உண்மையான தீயிலும் அதுதான் வழக்கம்.

இந்தக் கடமைக்கு உமையாள் தகுதியானவள் என்று மேற்பார்வையாளர் கையெழுத்திட்டால் அவளுக்குப் பதவி உயர்வு. இடாவிட்டால் இந்தப் பயணத்தோடு ஒப்பந்தம் முடியும். பிறகு தேவகோட்டையில் அண்ணன் வீட்டுப் பின்கட்டில், அண்ணி காட்டும் அறை.

அன்று காலை புக்கெட் துறைமுகத்தில் பயிற்சி நடந்தது. மூன்று நிமிடம் நாற்பது வினாடி.

*

8126இன் கதவில் அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் மாட்டியதுதான்.

கட்டில் உறையிடப்படாமல் கிடந்தது. குளியலறையில் ஒரு வாளி. சுருள் அவிழ்ந்த கம்பியோடு தேய்க்கும் இயந்திரம்.

சுவரின் இடப்பாதி பல் துலக்கியதுபோல் வெளுத்திருந்தது. வலப்பாதியில் பழைய பழுப்பு. இரண்டுக்கும் நடுவே, கை நின்றுபோன இடத்தில், ஒரு வளைந்த கோடு.

உமையாள் அந்தக் கோட்டைப் பார்த்தாள். அன்று காலை நடந்தது திரும்பி வந்தது.

பதினோராவது கதவு. திறந்தாள். இயந்திரம் ரீங்கரித்தது. குளியலறைக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. நீலச் சீருடையில் ஒரு முதுகு. மண்டியிட்ட இரண்டு கால்கள். காதுகளின் மேல் கறுப்பு மூடி.

அவள் பார்த்தாள். பார்க்கவில்லை என்று சொல்ல வழியில்லை. ஆனால், 'உள்ளே ஒருத்தி இருக்கிறாள்' என்று அவள் மனம் சொல்லவில்லை. 'சுத்தம் நடக்கிறது' என்றுதான் சொன்னது.

பட்டியலிலும் காலி அறை என்றே இருந்தது.

அட்டையை மாட்டினாள். பன்னிரண்டாவது கதவுக்குப் போனாள்.

ஒன்பது ஆண்டுகள் அவள் மாணவர்களுக்கு ஒரு வாக்கியத்தைக் குறிப்பெடுக்கச் சொல்லியிருந்தாள்: 'வேலை தெரிய வேண்டும், வேலை செய்பவர் தெரியக் கூடாது.' தேர்வில் அது தவறாமல் வரும். முழு மதிப்பெண்.

*

"என்ன பாத்திய?"

"ஒண்ணுமில்லை."

"ஒண்ணுமேயா?"

"வாளி. மெஷின். சுவர் பாதி தேச்சிருக்கு."

"மிச்சப் பாதி ஏன் அப்படியே கெடக்கு?"

"தேய்ச்சவங்களைத்தான் கேட்கணும்."

"கேளுங்க."

பெர்பெத்தம் யானைக்குக் கண் ஒட்டினாள். பேச்சு முடிந்தது.

*

கேட்கப் போக வேண்டிய தேவை இருக்கவில்லை. மறுநாள் பகலுணவின்போது, பணியாளர் உணவுக்கூடத்தில், எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சிவபாக்கியமே வந்து உட்கார்ந்தாள்.

"டீச்சர், சாப்பிட்டு முடிச்சிட்டீங்களா? ஒரு காயிதம் எழுதணும். இங்கிலீசுல."

உமையாள் ஆசிரியை என்பது கீழ்த்தளம் முழுவதற்கும் தெரியும். அவள்தான் சொல்லிவைத்திருந்தாள்.

"என்ன கடிதம்?"

"விளக்கக் காயிதமாம். அது குடுக்காட்டி கொழும்புல எறக்கி விட்டுருவாங்களாம். மத்தவங்கள எறக்குனா பிளேன் டிக்கட் போடணும். இவளுக்கு வீடே அங்கதானே, பஸ்ஸுல போயிருவான்னு நெனைச்சிட்டாங்க போல."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

"என்ன ஆச்சு?"

"ட்ரில்லு பத்தரைக்குன்னாங்க டீச்சர். பத்துக்கு மாத்தி இங்கதான் ஒட்டியிருந்தாங்களாம். நேத்து நான் காலைச் சாப்பாட்டுக்கே வரல. எட்டு பாத்ரூம் குடுத்திருந்தாங்க. மெஷின் போட்டா காதுல மூடி. மணி கேக்கல."

உமையாள் தட்டைப் பார்த்தாள்.

"வெளிய வந்தா கதவுல அட்டை தொங்குது. ஆளில்லையாம். எனக்கே ஒரு நிமிசம் சந்தேகமாப் போச்சு, நாம இருக்கோமா செத்துட்டோமான்னு."

மறுபடி சிரித்தாள். பக்கத்து மேசைக்காரர்களும் என்னவென்று தெரியாமலே சிரித்தார்கள். உமையாள் தண்ணீர் குடித்தாள்.

"ஓடிப்போய் நின்னேன். எங்க இருந்தேன்னு கேட்டாங்க. 8126ன்னேன். அங்க ஆளில்லன்னு அட்டை இருக்கே, பொய் சொல்லாதேன்னுட்டாங்க. எங்கயோ படுத்துத் தூங்கியிருக்கேனாம். அட்டை பொய் சொல்லாதாம் டீச்சர்."

"இதுக்கு முன்னாடி எச்சரிக்கை ஏதாவது...?"

"ரெண்டு. ஒருக்கா நாலு நிமிசம் லேட்டு. ஒருக்கா முழங்கால் வலின்னு விருந்தினர் லிஃப்ட்டுல ஏறிட்டேன். இது மூணாவது. மூணுன்னா வீட்டுக்குத்தான். இன்னும் ரெண்டு மாசம் ஓட்டிட்டா என்னையும் கேபின் வேலைக்கு மாத்துவாங்க. உங்கள மாதிரி வெள்ளச் சட்டை."

அவள் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்தாள்.

"ஒண்ணு மட்டும் கட்டாயம் எழுதுங்க. யாரோ கதவத் தெறந்தாங்க. முதுகுல ஏசி காத்து பட்டுச்சு. நான் திரும்புறதுக்குள்ள மூடியாச்சு. 'நான் உள்ளதான் இருந்தேன், யாரோ தெறந்து பார்த்தாங்க.' அந்த ஒரு வரி போதும் டீச்சர்."

"யாருன்னு பார்த்தியா?"

கேட்டபின்தான் தன் குரலைக் கேட்டாள் உமையாள். விடைத்தாளைத் திருத்தும் முன் பெயரைப் பார்க்கும் குரல் அது.

"பார்த்திருந்தா நான் ஏன் காயிதம் எழுதுறேன்? அவங்களயே கூட்டிட்டுப் போயிருப்பேனே."

"வருவாங்களா?"

சிவபாக்கியத்துக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை.

"ஏன் வராம? பார்த்தவங்களுக்குப் பார்த்தேன்னு சொல்ல என்ன?"

*

உமையாள் எழுதினாள்.

தன் வாழ்நாளில் அதைவிட நல்ல ஆங்கிலம் அவள் எழுதியதில்லை. ஆழ்ந்த வருத்தம் இருந்தது. கவனக்குறைவை ஒப்புக்கொள்ளும் பண்பு இருந்தது. மேலதிகாரிகளின் பெருந்தன்மையில் நம்பிக்கை இருந்தது. இனி ஒருபோதும் நிகழாது என்ற உறுதி இருந்தது. ஒரு காற்புள்ளிகூட இடம் மாறவில்லை.

அந்த ஒரு வரி மட்டும் இல்லை.

"தமிழ்ல படிச்சுக் காட்டுங்க டீச்சர்."

அவள் படித்துக் காட்டினாள். வருத்தம், நம்பிக்கை, உறுதி. கவனக்குறைவு வந்த இடத்தைத் தாண்டிப் போனாள். பிறகு தாளிலேயே கண்ணை வைத்துக்கொண்டு, தாளில் இல்லாத வாக்கியத்தைப் படித்தாள்:

"நான் உள்ளேதான் இருந்தேன். யாரோ கதவைத் திறந்து பார்த்தார்கள்."

"அதுதான்! அதேதான்."

சிவபாக்கியம் ஓர் எழுத்துக்கு ஒரு மூச்சாகத் தமிழில் கையெழுத்திட்டாள். கையோடு வைத்துக்கொள்ள ஒரு பிரதி வேண்டும் என்றாள். உமையாளே போய் எடுத்து வந்தாள்.

போகுமுன் சிவபாக்கியம் சீருடைப் பையிலிருந்து ஒரு பச்சை ஆப்பிளை எடுத்து மேசையில் வைத்தாள்.

"டீச்சருக்கு."

உமையாள் அதைத் தின்னவில்லை. எறியவும் இல்லை. அறைக்குக் கொண்டுபோய் அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

*

அன்று மாலை பெர்பெத்தம் தாழ்வாரத்தில் எதிர்ப்பட்டாள்.

"கேட்டியளா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"மெஷின் சத்தத்துல மணி கேட்கலையாம்."

"வேற?"

"வேற ஒண்ணும் சொல்லலை."

பெர்பெத்தம் தன் கையிலிருந்த செம்மஞ்சள் அட்டைக் கட்டிலிருந்து ஒன்றை உருவி, உமையாளின் சட்டைப் பொத்தானில் மாட்டினாள்.

"இது எதுக்கு?"

பெர்பெத்தம் நடந்து போய்விட்டாள்.

துணிவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த இருவர் அட்டையைப் படித்துவிட்டுச் சிரித்தார்கள். "ஆளில்லையா? அப்ப இது யாரு?"

உமையாளும் சிரித்து வைத்தாள். அட்டையைக் கழற்ற விரல்கள் வரவில்லை. தாழ்வாரத்தின் மறுகோடிவரை அதோடு நடந்தாள்.

'இவளுக்குத் தெரிந்திருக்கிறது' என்று ஒரு நினைப்பு. 'தெரிந்திருந்தால் சொல்லியிருப்பாள்; இது வழக்கமான குருவம்மா வித்தை' என்று மற்றொரு நினைப்பு. இரண்டில் எதை நம்பினால் நாளைவரை வாய் திறக்காமல் இருக்கலாமோ, அதை அவள் நம்பினாள்.

*

அடுத்த நாள் விசாரணை நடந்தது. கால்மணி நேரத்தில் முடிந்தது.

சிவபாக்கியம் வெளியே வந்தபோது உமையாள் பணியாளர் லிஃப்ட்டின் முன் நின்றிருந்தாள். தற்செயலாக நிற்பவள்போல் நின்றிருந்தாள்.

"என்னாச்சு?"

"நாளைக்குக் கொழும்பு. எறங்கச் சொல்லிட்டாங்க."

"கடிதம்?"

"படிச்சாரு டீச்சர். நல்ல இங்கிலீசுன்னாரு. எல்லாத்தையும் நீயே ஒத்துக்கிட்டியேன்னாரு. நான் எங்க ஒத்துக்கிட்டேன்? அந்த வரியப் படிங்க, அந்த வரியப் படிங்கன்னு தாளைக் காட்டிக் காட்டிச் சொன்னேன். அவருக்குத் தமிழ் வெளங்கல. எனக்கு இங்கிலீசு வெளங்கல. அவரு அத மட்டும் கவனிக்காம விட்டுட்டாரு போல."

உமையாளிடம் அப்போது ஒரு வாக்கியம் இருந்தது. 'கதவைத் திறந்தது நான்தான்.' மூன்றே சொற்கள். வகுப்பில் ஒரு மணி நேரம் நிறுத்தாமல் பேசியவள் அவள்.

லிஃப்ட் வந்தது. திறந்தது. மூடிக்கொண்டு போனது.

"டீச்சர், நீங்க ஏன் அழுவுறீங்க?"

"ஒண்ணுமில்லை."

"விடுங்க. நீங்க எவ்வளவு அழகா எழுதித் தந்தீங்க. அதுக்கு மேல உங்க கையில என்ன இருக்கு?" அவள் உமையாளின் தோளில் தட்டினாள். "போனாப் போகுது. எங்க தோட்டத்து லயத்துல, வீடுன்னு குடுத்த ஒத்தைக் காம்பராவும் இந்தக் கேபின் அளவுதான். அங்க ஜன்னலாவது இருக்கு."

பிறகு, நினைவு வந்தவளாக:

"ஒரு வேலை பாக்கி கெடக்கு. வர்றேன் டீச்சர்."

*

விடிந்தபோது கொழும்புத் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் தெரிந்தன.

உமையாள் உறங்கியிருக்கவில்லை. பெர்பெத்தத்தைத் தேடிப் போனாள். எதற்கு என்று அவளுக்கே தெளிவில்லை. ஒருவேளை, குரு கேட்டால் சொல்லிவிடலாம் என்று. கேட்காமல் சொல்வதுதான் அவளுக்கு முடியாமல் இருந்தது.

பெர்பெத்தம் கேட்கவில்லை.

"கடைசித் தடவைக்கா. 8126."

"அதே சுவர்தானே?"

"போய்ப் பாருங்க."

போனாள்.

சுவர் முழுவதும் வெள்ளையாக இருந்தது.

கோடு இல்லை. பழுப்பு இல்லை. ஓடுகளின் இடுக்குகளைக்கூடச் சிவபாக்கியம் எதையோ கொண்டு தனித்தனியாகச் சுரண்டியிருந்தாள். வாளி கழுவிக் கவிழ்த்தப்பட்டிருந்தது. இயந்திரத்தின் கம்பி சுருட்டப்பட்டிருந்தது. கதவிலிருந்த செம்மஞ்சள் அட்டை துடைக்கப்பட்டு, கைகழுவும் தொட்டியின் ஓரத்தில் நேராக வைக்கப்பட்டிருந்தது.

வேலையிலிருந்து நீக்கப்பட்டவள் வந்து முடித்துவிட்டுப் போன வேலை. ஒருவரும் கேட்காத வேலை.

அவள் அங்கே இருந்தாள் என்பதற்குக் கப்பலில் இருந்த ஒரே சாட்சி அந்தப் பாதிச் சுவர். அதையும் அவளே துடைத்துவிட்டிருந்தாள், பாதியில் விட மனம் வராமல்.

உமையாள் மண்டியிட்டாள். அன்று சிவபாக்கியம் மண்டியிட்டிருந்த அதே இடத்தில், ஈரத்தின் மேல், கதவுக்கு முதுகைக் காட்டியபடி.

பின்னால் கதவு திறந்தே கிடந்தது. தாழ்வாரத்தில் யாரோ இருவர் பேசிக்கொண்டு கடந்து போனார்கள். அவர்கள் நிற்கவில்லை.

அவள் எழுந்து ஓடினாள்.

*

விசாரணை நடத்திய பணியாளர் அதிகாரி செம்பட்டைத் தாடிக்காரர். காப்பிக் கோப்பையைக் கீழே வைக்காமல் கேட்டார்.

"அவள் உள்ளே இருந்தாள் என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அட்டையை மாட்டியவள் நான்."

"பார்க்காமல் மாட்டினீர்களா?"

"பார்த்துவிட்டு மாட்டினேன்."

"ஏன்?"

உமையாள் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆதாரம் ஏதேனும்?"

"குளியலறைச் சுவர். பாதிதான் தேய்த்திருந்தது. மணி அடித்தபோது அவள் அங்கே..."

"போய்ப் பார்க்கலாமா?"

"இப்போது முழுவதும் வெள்ளையாக இருக்கிறது."

அவர் கோப்பையை வைத்தார். ஒரு கடிதத்தை எடுத்தார்.

"இதை எழுதியது நீங்கள்தானாமே. அருமையான ஆங்கிலம்."

"அதில் ஒரு வரி குறைகிறது."

"கையெழுத்து குறையவில்லையே."

சன்னலுக்கு அப்பால், துறைமுகத்தில், வெயில் ஏறியிருந்தது.

"அவள் ஆறரைக்கே இறங்கிவிட்டாள். மூன்று நாள்கள் இருந்தனவே, அப்போதெல்லாம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" அவர் கோபமாகக் கேட்கவில்லை. அறிந்துகொள்ள விரும்பியே கேட்டார். "சரி, இப்போது சொன்னதை எழுதிக் கொடுங்கள். உங்கள் கோப்பில் சேர்க்கிறேன்."

"அவளுடைய கோப்பில்?"

"அது மூடியாயிற்று."

*

பெர்பெத்தம் அறையொன்றில் துண்டு மடித்துக்கொண்டிருந்தாள். மறுபடி யானை. உமையாளைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"சொல்லிட்டியளா?"

"சொல்லிட்டேன்."

"மொகத்துலயே தெரியுது." அவள் துண்டைக் கட்டிலில் வைத்துவிட்டு, பையிலிருந்து மடித்த படிவத்தை எடுத்துப் பிரித்தாள். பேனாவைத் திறந்தாள். "ரெண்டு தடவ அனுப்பினேன்லா? ரெண்டாவது தடவதான் பாத்திய. இனிமே உங்களுக்கு எந்தக் கதவும் தப்பாது. கொண்டாங்க, கையெழுத்துப் போடுதேன்."

"உங்களுக்கு எப்போ தெரியும்?"

"என்னது?"

"அவ உள்ளே இருந்தது."

"அன்னைக்கே. மணி நின்ன கையோட போய்ப் பாத்தேன். சுவத்துல ஈரம்கூட காயல. உங்க அட்டை கதவுல."

சொல்லும்போது அவள் குரலில் ஒரு பெருமிதம் இருந்தது. அலமாரியிலிருந்து கிழவரை இழுத்த கதையைச் சொல்லும்போது வருமே, அது.

"அன்னைக்கே நீங்க போய்ச் சொல்லியிருந்தா?"

"நீங்களா வந்து சொல்லணும்னுதான்..."

"சுவர் அப்போ பாதியா இருந்துச்சு. கூட்டிட்டுப் போய்க் காட்டியிருக்கலாம். ஒரு நிமிஷ வேலை."

பேனா படிவத்தின் மேல் நின்றது.

"அவ என்கிட்ட வந்து கடிதம் கேட்டா. நீங்க எனக்குச் சட்டையில அட்டை மாட்டிட்டு இருந்தீங்க. அவளை விசாரிச்சாங்க. நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்க, பெர்பெத்தம்?"

அவளைப் பெயர் சொல்லி அழைத்தது அதுவே முதல் முறை.

கட்டிலில் யானையின் துதிக்கை மெல்ல அவிழ்ந்தது. வெறும் துண்டாயிற்று. பெர்பெத்தம் அதைப் பார்த்தாள். பேனாவை மூடினாள். மூடி சரியாகப் பொருந்தவில்லை, மறுபடி மூடினாள். தலை நிமிரவில்லை.

"பாடம் நடத்திக்கிட்டிருந்தேன்க்கா."

*

சிவபாக்கியம் துறைமுகத்திலிருந்து பேருந்து ஏறிப் பொகவந்தலாவைக்குப் போனாள். கடிதத்தின் பிரதியைத் தோட்டப் பள்ளிக்கூடத்து மாஸ்டரிடம் கொடுத்து, வரி வரியாகத் தமிழில் சொல்லச் சொன்னாள். அவர் சொல்லி முடித்ததும், ஒரு வரியை விட்டுவிட்டீர்கள், மறுபடி பாருங்கள் என்றாள். அவர் மறுபடி பார்த்தார். அவர் எதையும் விட்டிருக்கவில்லை. வேறு இரண்டு கப்பல்களுக்கு விண்ணப்பித்தாள். பயிற்சிக்கு வராதவள், பொய் சொன்னவள் என்ற குறிப்பு அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. இப்போது நுவரெலியாவில் ஒரு விடுதியில் குளியலறை தேய்க்கிறாள். வலது முழங்கால் முழுதாக மடிவதில்லை. காதுக்கு மூடி போடுவதில்லை. ஒவ்வோர் அறையிலும் வேலையைத் தொடங்குமுன் வாசற்கதவை அகலத் திறந்து, அது சாத்திக்கொள்ளாதபடி, தண்ணீர் நிறைந்த வாளியைக் குறுக்கே வைக்கிறாள்.